சாய்கோட்டுக்குப் பிறகு வந்த ஊர்

போன மாதம் ஷர்மிளா தொலைபேசியில் கோல் எடுத்தாள். நான் ஓய்வு பெற்று வந்த அலுவலகத்தில் இப்போது இணையத்தளம் ஓடும் சேர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். எங்கள் இணையத்தளத்தை மறுபடியும் வேறோர் இடத்துக்கு மாற்றப்போகிறார்களாம். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு கேள்வி. மாற்றி முடிந்ததும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் போதாதா, ஒவ்வோர் ஊர்ப் பக்கத்தையும் கையால் திறந்து, மேலே இருக்கும் பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று எதற்கு ஒரு விதி?

"நானும் சொல்லிப் பார்த்திட்டன் அக்கா. அவங்களுக்கு அது கோயில் சடங்கு மாதிரிக் கிடக்கு. நடந்ததை நீங்க ஒருக்கா எழுதித் தாங்களன்," என்றாள்.

எழுதுகிறேன். அந்த விதி ஏன் வந்தது என்று அறிந்தவர்களில் தவராசா சேர் இப்போது வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். எங்களோடு வேலை பார்த்த காத்தான்குடி நசீர் சொந்தமாகக் கடை போட்டுவிட்டான். மிச்சம் நான்தான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணிதம் படித்தேன், கணக்குக் கிளார்க்காகச் சேர்ந்தேன். அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தபோது பெட்டியைப் பிரிக்கக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. கரண்ட் இருந்த நேரம் பழகினேன். இல்லாத நேரம் கையேட்டை வாசித்தேன். அந்த ஆண்டுகளில் மட்டக்களப்பில் கரண்ட் இல்லாத நேரமே கூடுதல் என்பதால், கையேடு எனக்கு நன்றாகப் பாடம். பிறகு ஒரு நாள் யாரோ என்னை 'சேர்வர் மிஸ்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் ஓய்வு வரைக்கும் நின்றது.

எங்கள் நிறுவனம் சிறியது. வாவிக் கரையிலும் கடற்கரையிலும் உள்ள ஊர்களில் குடிதண்ணீர் வேலை. பொதுக்கிணறுகளின் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்து, முடிவை இணையத்தளத்தில் போடுவோம். ஒவ்வொரு கிணற்றடியிலும் ஒரு தகரப் பலகை நிற்கும். அதிலுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் கைப்பேசியால் படம் பிடித்தால் அந்தக் கிணற்றின் பக்கம் திறக்கும். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் குடிக்கக்கூடாது. எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் விளங்கட்டும் என்றுதான் நிறம் வைத்தோம்.

அந்தப் பக்கங்களின் முகவரிகள் ஆங்கில எழுத்தில் இருந்தன. இங்கே வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன். வாகரையில் ஏழாம் இலக்கக் கிணறு என்றால், தளத்தின் பெயருக்குப் பிறகு 'கிணறு/வாகரை/7' என்று வரும். பார்ப்பவர் நினைப்பார், சேர்வருக்குள் கிணறு என்றொரு கோப்புறை, அதற்குள் வாகரை என்றொரு கோப்புறை, அதற்குள் ஏழு என்று ஒரு பக்கம் இருக்கிறதென்று. அப்படி ஒன்றும் இல்லை. 'கிணறு' என்பது ஒரே ஒரு கோப்பு, ஒரு நிரல். வாகரை என்றோ ஏழு என்றோ ஒரு கோப்புறையும் பக்கமும் சேர்வருக்குள் எங்கேயும் கிடையாது.

இதை எனக்கு விளங்கவைத்தவர் தவராசா சேர். எங்கள் தொழில்நுட்பப் பகுதியின் பொறுப்பாளர். உயரமான மனிதர், நாற்காலியில் இருப்பது அபூர்வம். நாங்கள் இருக்கும் கதிரைக்குப் பின்னால் கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு நிற்பார். குரலை உயர்த்தியதை நான் கேட்டதில்லை. "இருக்கலாம்", "போல கிடக்கு" என்ற சொற்களை மட்டும் அவர் முன்னால் சொல்ல முடியாது. சொன்னால், "பார்த்திட்டுச் சொல்லு புள்ள," என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்துக்குப் பயந்தே நாங்கள் பார்த்துவிட்டுச் சொல்லப் பழகினோம்.

முகவரி ஒன்றில் சிக்கல் வந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு. முழுதாக வாசிக்க விடமாட்டார்.

"ஒவ்வொரு சாய்கோட்டிலயும் நில்லு. நிண்டு கேளு, இது கோப்புறையா, கோப்பா?"

"கிணறு... கோப்பு, சேர்."

"கோப்பெண்டா அதுக்கு மேல உள்ளுக்குப் போகேலாது. சேர்வர்ர நடை அதோட முடிஞ்சுது. அப்ப மிச்சம்?"

"வாகரை, ஏழு."

"அத என்ன செய்யிறது?"

"அந்த நிரல்ட கையில குடுக்கிறது, சேர்."

"குடுத்ததா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். சேர்வர் முகவரியை இடமிருந்து வலமாக நடந்து பார்க்கிறது. உண்மையான கோப்பு ஒன்றில் முட்டியதும் நிற்கிறது. அதற்குப் பிறகு வரும் துண்டு முழுவதையும் அப்படியே அந்த நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான் எந்த ஊர், எந்தக் கிணறு என்று நிரலுக்குத் தெரியும். ஒப்படைக்காவிட்டால் நிரல் ஓடும், பக்கமும் வரும். ஆனால் அது யாருடைய பக்கம் என்பது வேறு கதை.

அந்த மிச்சத் துண்டு எங்களை முதலில் சிரிக்கத்தான் வைத்தது. தளத்தைத் திறந்து வைத்த நாளில் மண்டபத்தில் பெரிய திரை, மாலை, குத்துவிளக்கு. பணிப்பாளர் ஒரு கிணற்றுப் பக்கத்தைத் திறந்தார். எழுத்து மட்டும் வந்தது. நிறம் இல்லை, படம் இல்லை, சீலை உடுக்காத பொம்மை மாதிரி வெறும் எழுத்து. பணிப்பாளரின் சொந்தப் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உடைந்த சதுரம். பார்த்தால், படமும் நிறக் கோப்பும் 'பக்கத்திலேயே' இருக்கின்றன என்று நிரலில் எழுதியிருந்தார்கள். முகவரியில் இத்தனை சாய்கோடுகளைக் கண்ட உலாவி, தான் வாகரை என்ற கோப்புறைக்குள் நிற்பதாக நினைத்து அங்கே போய்ப் படத்தைத் தேடியிருக்கிறது. இல்லாத ஊருக்குள் இல்லாத படம். நசீர் சிரிப்பை அடக்க மாட்டாமல் மண்டபத்துக்கு வெளியே ஓடிவிட்டான். தவராசா சேர் சிரிக்கவில்லை. "பேர் சொல்லாம 'பக்கத்தில இரிக்கி' எண்டு சொன்னா, கேக்கிறவன் தான் நிக்கிற இடத்துக்குப் பக்கத்திலதான் தேடுவான்," என்றார். படங்களுக்கு முழு முகவரி கொடுத்தோம், சரியாயிற்று.

நான் எழுத வந்தது அதை இல்லை. சில வருடங்களுக்குப் பின் வந்த ஒரு மாரிகாலத்தை.

அந்த முறை வெள்ளம் நீண்ட நாள் வடியாமல் நின்றது. மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் ஒரே தண்ணீருக்குள் கிடந்தன. வடிந்ததும் எங்கள் ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கிணறுகளை இறைத்து, மருந்து போட்டு, மறுபடி பரிசோதித்தார்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் பல சிவப்பு. வாகரையில் அநேகமாக எல்லாமே சிவப்பு. சனம் பவுசர் வண்டியில் வரும் தண்ணீரை நம்பி இருந்தது. தளத்தைப் பார்க்கிறவர்கள் கூடியதால் எங்கள் பழைய சேர்வர் மூச்சுத் திணறியது. பணிப்பாளர் வெளியில் ஒரு கொம்பனியிடம் புதிய சேர்வருக்கு மாற்றும் வேலையைக் கொடுத்தார். திங்கட்கிழமை நாங்கள் சரிபார்த்த பின்பு திறப்பதென்று பேச்சு. அவர்கள் வெள்ளி பின்னேரமே திறந்துவிட்டு, "எல்லாம் சரி" என்று பணிப்பாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். எங்களுக்குத் தெரியாது.

திங்கள் காலை நான் கைப்பையை மேசையில் வைக்கும்போதே தொலைபேசி அடித்தது.

"மிஸ், நான் வாகரையில இரிந்து கதைக்கன். தங்கமலர். கிணத்தடியில அப்பக்கடை வெச்சிரிக்கன். சனிக்கிழமையும் எடுத்தன், ஒருத்தரும் இல்ல."

"சொல்லுங்க அக்கா."

"எங்கட கிணறு பச்சை காட்டுது."

"நல்லதுதானே," என்றேன். மறுபரிசோதனை முடிவு வந்திருக்கும் என்று நினைத்தேன்.

"நல்லதுதான். ஆனா மேல களுதாவளை எண்டு போட்டிரிக்கி. நாங்க வாகரை. இதில பேர் பிழையா மிஸ், இல்லாட்டி நிறம் பிழையா?"

"அந்தத் தண்ணிய ஒருத்தரும் குடிக்க வேணாம். நான் திருப்பி எடுக்கன்," என்று சொல்லி வைத்தேன்.

தவராசா சேர் வந்து கதிரைக்குப் பின்னால் நின்றார். வாகரையின் பக்கத்தைத் திறந்தேன். களுதாவளை, பச்சை. ஓட்டமாவடியைத் திறந்தேன். களுதாவளை, பச்சை. ஏறாவூரும் அப்படியே.

"இல்லாத ஊர் ஒண்டைப் போடு," என்றார்.

'கிணறு/மாங்காய்' என்று அடித்தேன். மாங்காய்க்கும் களுதாவளைதான் வந்தது. அதுவும் பச்சை.

"கேட்டது என்ன? கிடைச்சது என்ன?"

"என்ன கேட்டாலும் ஒண்டுதான் கிடைக்குது, சேர். மிச்சம் நிரல்ட கைக்குப் போகல்ல."

புதிய சேர்வரின் அமைப்பைத் திறந்தோம். முகவரியை எந்த இடத்தில் வெட்டுவது என்று அதில் சரியாகத்தான் எழுதியிருந்தது. பழைய சேர்வர் வெட்டிய மிச்சத்தைக் கேளாமலே நிரலிடம் கொடுக்கும். புதியதற்கு அதைத் தனியாக ஒரு வரியில் சொல்ல வேண்டும். அந்த வரி இல்லை. கைக்கு ஒன்றும் வராத நிரல் என்ன செய்யும்? அதை எழுதியவர், வெறுமையாக வந்தால் முதலாவது கிணற்றைக் காட்டு என்று எழுதியிருந்தார். பட்டியலில் முதலாவது, வெள்ளம் தொடாத களுதாவளைக் கிணறு. கொம்பனிக்காரர்கள் சோதித்துப் பார்த்ததும் அந்த முதலாவது பக்கத்தைத்தான். களுதாவளையைக் கேட்டார்கள், களுதாவளை வந்தது. அவர்களுக்கு எல்லாம் சரி.

நான் விடுபட்ட வரியை எழுதக் கையை வைத்தேன்.

"பொறு," என்றார் சேர். "முதல்ல மூடு."

"திருத்த ரெண்டு நிமிசம்தான் சேர்."

"அந்த ரெண்டு நிமிசத்தில ஒருத்தர் பார்த்தா? மூடு."

மூடினேன். எல்லா முகவரிக்கும் ஒரே வசனம் வரும்படி செய்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: 'வெள்ளிக்கிழமையில் இருந்து இந்தப் பக்கம் உங்கள் கிணற்றுக்குப் பச்சை காட்டியிருந்தால், அது பிழை. அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.' அதன் பிறகுதான் வரியை எழுதி, ஒவ்வோர் ஊரையும் திறந்து, பெயரை வாய்விட்டு வாசித்துப் பார்த்தோம். பெயர் தெரியாமல் வரும் கேள்விக்கு நிரல் எந்த நிறமும் காட்டாமல், 'எந்தக் கிணறு என்று தெரியவில்லை' என்று மட்டும் சொல்லும்படி நசீர் அன்றைக்கே மாற்றினான். ஷர்மிளாவிடம் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கேட்ட விதி அந்தக் காலையில் பிறந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பணிப்பாளரும் அப்படித்தான் நினைத்தார். தொலைபேசியில் அவர் கதைத்தது எனக்கும் கேட்டது.

"திருத்தியாச்சுதானே தவராசா? அந்த வசனத்தை எடுங்க. சனத்தைப் பயப்படுத்தாதீங்க. பிறகு ஒருத்தரும் எங்கட தளத்தை நம்பமாட்டாங்க."

"நாங்க திருத்தினது சேர்வரை சேர். வெள்ளிக்கிழமை பார்த்த ஆக்கள் இன்னும் அந்தப் பச்சையோடதான் இரிக்காங்க. அவங்க திருப்பிப் பார்க்கமாட்டாங்க. ஒருக்காப் பச்சை கண்டவன் ஏன் திருப்பிப் பார்க்கப் போறான்?"

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"போய்ச் சொல்லப் போறம்."

"என்ன சொல்லுவீங்க? நாங்கதான் பிழையெண்டா? நாளைக்கு ஆரும் கேஸ் போட்டா?"

அதற்குத் தவராசா சேர், "வாகன சாவி தாறீங்களா சேர், இல்லாட்டி நான் பஸ்ஸில போகவா?" என்றார். சாவி வந்தது.

நசீர் அலுவலகத்தில் இருந்துகொண்டு கிராம அலுவலர்களையும் கோயில்காரரையும் பள்ளிவாசல்களையும் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பிடித்தான். சேரும் நானும் வாகரைக்குப் போகும் வழியில் ஓட்டமாவடியைத் தாண்டும்போது லுகர் என்னும் மதியத் தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கிணற்றுத் தண்ணீர் பற்றிய அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. வாகனத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டு அதை முழுதாகக் கேட்டோம். பனிச்சங்கேணிப் பாலத்தில் இருபக்கமும் இன்னும் கலங்கல் தண்ணீர்.

தங்கமலரின் கடை ஓலைத் தட்டி அடித்த சிறு கொட்டில். எங்களைக் கண்டதும் அப்பச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களை இருக்கச் சொல்லக்கூட இல்லை.

"நான் அள்ளல்ல சேர். பேர் மாறிக் கிடந்ததால எனக்கு மனம் வரல்ல. ஆனா எதிர்வீட்டில அள்ளிட்டாங்க. நான் சொன்னன், பேரைப் பாருகா எண்டு. பச்சைதானே அக்கா, பேரை ஆரும் மாத்தி எழுதியிரிப்பாங்க எண்டிட்டா. மறுகா அவங்கட புள்ளைக்கு வயித்தால போய், நேத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க."

அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிலானி என்று பெயர், நாலு வயது. அந்தத் தண்ணீரால்தான் வந்ததா, வெள்ளத்தோடு ஊரெல்லாம் பரவியிருந்த வேறெதனாலோ வந்ததா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. டொக்டரும் சொல்லவில்லை. 'இருக்கலாம்' என்ற சொல்லைத் தவிர வேறு சொல் இல்லாத இடம் அது. அதையும் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மற்ற வீடுகளுக்கெல்லாம் சொல்லும் பொறுப்பைத் தங்கமலர் எடுத்துக்கொண்டார். நாங்கள் வந்த வழியே திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் வைத்து நான் கேட்டேன்.

"சேர், புள்ள வருத்தமாக் கிடக்கிற நேரம் இதைச் சொல்லத்தான் வேணுமா? அவங்க அடிக்க வந்தா?"

"வந்தா வாங்கிறதுதான்," என்றார்.

பிள்ளைகள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். நிலானி சுவர்ப் பக்கம் சுருண்டு கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. தகப்பன் யோகன் கடல் தொழிலாளி. சாரத்தோடு கட்டில் காலடியில் குந்தி இருந்தார். தாய் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் கரண்டியால் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள்.

தவராசா சேர் நின்றபடி கதைக்கும் மனிதர். அன்றைக்கு அவரும் யோகனுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் குந்தினார். யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னார். பிறகு நேராகச் சொன்னார்.

"தம்பி, உங்கட கிணறு சிவப்பு. வெள்ளிக்கிழமையில இரிந்து எங்கட பக்கம் அதைப் பச்சை எண்டு காட்டினது. அது பிழை. பிழை எங்கட பக்கம்."

சேர்வர் என்றோ, கொம்பனி என்றோ, விடுபட்ட வரி என்றோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் மனதுக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

யோகன் எழும்பினார். கை முறுகியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சேர் எழும்பாமல், முகத்தை மறைக்காமல், அப்படியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க மீனைத்தான் ஏசிட்டிரிக்கம்," என்றார் யோகன் கடைசியில். "நான் கொண்டுவந்த மீன்தான் பழசு எண்டு ரெண்டு நாளா இவ என்னோட சண்டை."

அப்போதுதான் தாய் கலக்குவதை நிறுத்தியதை நான் கவனித்தேன். அவள் கோப்பையைப் பார்த்தாள். பிறகு கட்டில் பக்கத்து அலமாரியின் மேல் நின்ற பெரிய போத்தலைப் பார்த்தாள். சோடாப் போத்தல், அரைவாசி தண்ணீர்.

"நேர்ஸ் மிஸ் இந்த மருந்துத் தூளை நல்ல தண்ணியில கரைச்சுக் குடுக்கச் சொன்னா," என்றாள். யாருக்கென்று இல்லாமல் சொன்னாள். "இஞ்ச குழாய்த் தண்ணி மணக்குது. நம்மட கிணறு பச்சைதானே எண்டு நான் என்ட தம்பியிட்டச் சொல்லி வீட்டிலிரிந்து எடுப்பிச்சன்."

அவள் கோப்பையையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு வார்டின் மூலையில் இருந்த கை கழுவும் பேசினுக்கு நடந்தாள். போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தாள். தண்ணீர் விக்கி விக்கிப் போய் முடியும் வரைக்கும் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான் வெளியே ஓடினேன். வாசல் கடையில் மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல்கள் வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மூடியைப் பார்த்தாள், லேபலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இதை நம்பிக் குடுக்கலாமா மிஸ்?" என்று கேட்டாள்.

போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முத்திரை சுற்றிவர உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். பார்த்து முடித்த பிறகுதான் "ஓம், குடுக்கலாம்" என்றேன்.